வண்டிமேல் கவிழ்த்த முறம்

தீர்த்தகிரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. வண்டியின் பானெட்டில் ஓட்டை போட்டு அதன்மேல் தகரக்கூடு ஒன்று வைக்கப்போகிறேன் என்று அவர் வந்து நின்றபோது, அந்தக் கூட்டின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவன் நான். நான் பி.யூ.சி.யில் இயற்பியல் படித்தவன். அவர் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். அதனால் என் பேச்சைக் கேட்டார்.

அப்போது ஜவ்வாது மலையில் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு வேலை. மலைக்காரர்களிடம் புளி, தேன், கடுக்காய் வாங்கிக் கீழே அனுப்புவதும், கீழேயிருந்து அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வரவழைத்துக் கொடுப்பதும்தான் வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம். எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அதுவும் கிடையாது. சனிக்கிழமை வீட்டுக்குப் போக முடியாமல் காவலூரில் நின்று பஸ்ஸையும் அரசாங்கத்தையும் என் ஜாதகத்தையும் சேர்த்துத் திட்டிய நாட்கள் எத்தனையோ. அப்படித் திட்டிக்கொண்டிருந்த ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்ற வண்டிதான் தீர்த்தகிரியுடையது.

"ஏறுங்க சார். ஆனா எறக்கத்துலதான் நம்பி ஏறலாம்" என்றார்.

காவலூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கும் ஊர் அவருடையது. நாற்பது வயதிருக்கும். மலைக்குத் தார் ரோடு போட்டபோது ஜல்லி சுமக்கப் போனவர், ரோடு ரோலர்காரருக்குக் கையாளாகி, அப்படியே ஸ்டீயரிங்கையும் பிடித்துப் பழகிவிட்டார். லைசென்ஸுக்கு மூன்று தடவை திருப்பத்தூர் இறங்கினார். முதல் இரண்டு தடவையும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது கயிற்றை இழுப்பவர் மாதிரி உடம்பையே பின்னால் சாய்த்தாராம். பரீட்சை வைத்தவர் பயந்துபோயிருக்கிறார். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. பக்கத்தில் உட்காருகிறவர்களும் அவரோடு சேர்ந்து பின்னால் சாய்வார்கள். நானும் சாய்ந்திருக்கிறேன்.

அவர் ஊரில் அதுவரை யாரும் வண்டி வைத்திருந்ததில்லை. கீழேயிருந்து வந்த வண்டிகள்தான் மலைப் புளியை ஏற்றிக்கொண்டு போகும், மனசிருந்தால் ஆட்களையும் ஏற்றும். நம் ஊர் ஆளின் வண்டி ஒன்று இருக்க வேண்டும் என்று தீர்த்தகிரிக்கு வெகுநாளாக ஆசை. அந்த வருஷம் தை மாதம் சாமை வீடு சேர்ந்ததும் தன் ஏர்க்காளைகள் இரண்டையும் விற்று, ஏலத்தில் விட்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்தார். பின்பக்கத்தை அறுத்துவிட்டுப் பலகை அடித்துப் பிக்கப் ஆக்கினார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் காளைகளைக் கன்றிலிருந்து வளர்த்தவள் அவர் மனைவி வெள்ளையம்மாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் விற்றேன் என்று தீர்த்தகிரி சொல்வார். விற்றுவிட்டுத்தான் கேட்டது என்று அவள் சொல்வாள். ஒன்பது நாள் அவள் அவரோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசினாள்.

"கோட மழ பேஞ்சா ஏரு பூட்டணும். அதுக்குள்ள இது லோடோட மல ஏறி வரலன்னா, இத்தக் குடுத்துட்டு எனக்குக் காள கொண்டாந்து கட்டு. என் தலையில அடிச்சி சொல்லு."

அவர் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார். வண்டி ஏறும் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். ஆலங்காயம் பக்கத்தில் செங்கல் சூளை வைத்திருந்த ராஜாக்கண்ணு என்பவர் அந்த வண்டிமேல் கண்ணாக இருந்தார். சமதரையில் செங்கல் ஏற்றிப் போக அது போதும். வண்டியைக் கொடுத்தால் ஒரு ஜோடி காளை தருகிறேன் என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். ஆகவே கோடை மழைக்குள் வண்டி மலை ஏற வேண்டும், இல்லையென்றால் அது ராஜாக்கண்ணுவின் சூளைக்குப் போய்விடும். ஊர் முழுக்க இது தெரியும்.

வண்டியோ இறங்கும்போது மாப்பிள்ளை மாதிரி இறங்கும். ஆலங்காயத்தில் லோடு ஏற்றித் திரும்பினால் வேறு குணம். பாதி மலையில் பெரிய பாறை ஒன்று ரோட்டை முட்டிக்கொண்டு நிற்கும் வளைவு இருக்கிறது. சரியாக அங்கே ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பும். சந்தைக்குப் போய் வருகிற பெண்கள் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்ச மலையை நடந்தே ஏறுவார்கள். அவர்களில் மங்கம்மாள் என்று ஒருத்தி. ஊரிலேயே அதிகப் புளியமரம் உள்ளவள், அதிக வாய் உள்ளவளும் அவள்தான். இறங்கும்போது சும்மா இறங்க மாட்டாள்.

"இந்த வண்டிக்குக் கொடத்துல தண்ணி பத்தாதுடா தீர்த்தா. அடுத்த தபா கெணத்தயே தூக்கிக்கினு வா" என்பாள்.

தீர்த்தகிரி என்னென்னவோ செய்து பார்த்தார். புளிக்கரைசலை ஊற்றி ரேடியேட்டரைக் கழுவினார். பெல்ட்டை மாற்றினார். எதற்கும் அது மசியவில்லை. மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டது. அப்போதுதான் திருப்பத்தூரில் ஒரு லாரியின் பானெட்மேல் தகரத்தால் புடைப்பு ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அதன் டிரைவரை விசாரித்திருக்கிறார். "காத்துக்குப்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். தீர்த்தகிரி நேராக என்னிடம் வந்தார்.

"காத்துக்குன்னான் சார். காத்து உள்ள போறதுக்கா, வெளிய வர்றதுக்கா?"

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முழு விஷயமும் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"உள்ளே போறதுக்குத்தான். வண்டி முன்னாடி போகுது, காத்து எதிரே வருது. வாயை முன்பக்கம் வெச்சா குளுகுளுன்னு உள்ளே போகும். இதுகூடத் தெரியாதா?"

"சரிங்க சார்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமாயிற்று. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் பீப்பாய் ஒன்றை நெருப்பில் காட்டித் தாரை வழித்து, உளியால் நெடுக வெட்டித் தகடாக விரித்திருந்தார். தகடு தயார். ஆனால் அதை எந்த வடிவத்துக்கு வளைப்பது? பின்னால் குவிந்து முன்னால் விரிந்து, மேலே லேசாகப் புடைத்து இருக்க வேண்டும். கையால் காற்றில் வரைந்து காட்டுகிறார், எனக்குப் புரியவில்லை. வெள்ளையம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று எழுந்து போய் அவள் கையிலிருந்த முறத்தைப் பிடித்தார்.

"இதான் சார். இத்தக் கவுத்துப் போட்டா இதான்."

"சாமை கீது, கொட்டப்போவுது, உடுய்யா" என்றாள் அவள். அவர் விடவில்லை. அவள் சாமையைக் கூடையில் கொட்டிவிட்டு முறத்தை அவர் பக்கம் வீசினாள். "ஒடச்சா வேற மொறம் மொடஞ்சி குடுக்கணும்" என்று வேறு சொன்னாள்.

முதலில் அந்த மூங்கில் முறத்தையே பானெட்மேல் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிப் பார்த்தோம். சாணி மெழுகிய முறம் ஜீப்பின் நெற்றியில் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து, தெருவில் போன எல்லோரும் நின்று சிரித்தார்கள். ஆனால் அளவு சரியாக இருந்தது. பிறகு தகட்டை முறத்தின் ஓரம் ஓரமாக வைத்துக் கரியால் கோடு போட்டு வெட்டி, உரலைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தார். வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் திருப்பத்தூர் போக வேண்டும். அதனால் மூலைகளை மடித்து ஆணியால் அறைந்து, ஆணியின் முனையைத் தட்டிச் சப்பையாக்கினார். அடியில் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் தகடு நீட்டி, மூலைக்கு ஒன்றாக நாலு போல்ட் போடத் துளை வைத்தார். நாலு துளையும் சதுரமாக அமைந்தன. அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கண்ணால் பார்த்து வைத்ததுதான்.

கடைசியில் பானெட்டை வெட்ட வேண்டும். உளியை வைத்துவிட்டு அவர் சுத்தியை ஓங்கவே இல்லை. வெட்டின பானெட்டோடு வண்டியைக் கொடுத்தால் ராஜாக்கண்ணு ஒரு காளைதான் தருவாரோ என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அதே யோசனை ஓடியிருக்கும். வெள்ளையம்மாள் வாசற்படியிலிருந்து, "வெட்டறதுன்னா வெட்டு. பாத்துக்கினே இருந்தா அது தானா தொறக்குமா?" என்றாள். அவர் அடித்தார். மூன்று நாளில் எல்லாம் முடிந்து கறுப்புப் பெயின்டும் அடித்தாயிற்று.

என் சங்கத்துச் சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு முதல் ஏற்றம். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் முன்னால் பார்த்துத் திறந்திருக்கிறது, இயற்பியல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். பாறை வளைவுக்கு இரண்டு வளைவு முன்னாலேயே வண்டி கொதித்துவிட்டது.

"வாய் பத்தலை, பெரிசாக்கணும்" என்றேன். பாவம், கூட்டைக் கழற்றி இரண்டு நாள் மறுபடியும் தட்டி வாயை இன்னும் நாலு விரல் உயரமாக்கினார். மறுபடியும் ஏறினோம். மறுபடியும் கொதித்தது. அன்றைக்கு அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து, "எனக்கு வண்டி ராசி இல்ல சார்" என்றார். மேற்கே கருமேகம் கூடத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காளைகளை ஓட்டிக்கொண்டு வரச் சொல்லி வெள்ளையம்மாள் ராஜாக்கண்ணுவுக்குத் தகவல் அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை கடைசியாக ஒரு லோடு. அவருடைய ஊர்ப் புளி. இதையாவது என் வண்டியில் இறக்கிவிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றார். புளியை நிறுத்து ஏற்ற நானும் காலையிலேயே போயிருந்தேன். பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். வந்தவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு நின்றார்கள். ஒருத்திகூடக் கூடையைத் தூக்கி ஏற்றவில்லை.

"இன்னா மங்கம்மா, ஏன் நிக்கிறீங்க?" என்றேன்.

"மொறம் வாய வெளிய காட்டிக்கினு கீதுங்களே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது, முகம் சிவந்துவிட்டது. அந்த ஊரில் முறத்தைச் சாத்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் அதன் வாய் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்திருந்தால் வீட்டிலுள்ள தானியம் வெளியே போய்விடும். புதிதாக வந்த மருமகளுக்கு முதலில் சொல்லித் தருகிற விஷயங்களில் இதுவும் ஒன்று. அப்படியிருக்க, வருஷத்துப் புளி மொத்தத்தையும் அந்த வண்டியில் யார் ஏற்றுவார்கள்?

"இது மொறம் இல்ல, தார் டப்பா!" என்று கத்தினார் தீர்த்தகிரி.

"மொறத்துல அளவெடுத்து அடிச்சத ஊரே பாத்துது. அப்புறம் அது மொறம் இல்லாம இன்னா?"

"வண்டி மேல வரும்போது அது வாய் நம்ம ஊரத்தான பாக்குது?"

"கீழ போவும்போது?" என்றாள் மங்கம்மாள். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாருமில்லை. "வண்டிக்கு வூடு எது? நீ குந்திக்கினு இருக்கற எடம்தான் வூடு. மொறம் ஒன்னப் பாத்து இருக்கட்டும். ஏத்துறோம்."

அவர் வெள்ளையம்மாளைத் தேடினார். அவளும் ஒரு கூடையோடு அந்தப் பெண்களோடுதான் நின்றுகொண்டிருந்தாள். "நான் மொதல்லயே சொல்லலாம்னு பாத்தேன். நீ எப்போ என்னக் கேட்ட?" என்றாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. படிக்காத ஜனங்கள், தகரத்துக்குக்கூடச் சாஸ்திரம் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தேன். தீர்த்தகிரி ஸ்பானரை எடுத்தார். நாலு போல்ட்டையும் கழற்றிக் கூட்டைத் திருப்பி வைத்தார். துளைகள் சதுரமாக இருந்ததால் கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது அதன் வாய் முன்கண்ணாடியைப் பார்த்துத் திறந்திருந்தது. "கீழ போனதும் திருப்பி வெச்சிக்கலாம் சார்" என்று என் காதருகே சொன்னார். பெண்கள் மளமளவென்று ஏற்றிவிட்டார்கள்.

ஆலங்காயத்தில் புளியை இறக்கி, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றியாயிற்று. கூடவே வந்த மங்கம்மாளும் வெள்ளையம்மாளும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் மூட்டைகளுக்கு நடுவே. தீர்த்தகிரி ஸ்பானரோடு பானெட் பக்கம் போனார்.

"ஏன்டா, காலையில ஊருக்கு எதிர்ல ஒத்துக்கினு இங்க வந்து திருப்புறியா?" என்றாள் மங்கம்மாள். "ஒரு வருஷத்துப் புளி போட்ட வண்டி. என் காசு இன்னும் வூடு சேரல. கைய எடு."

அவர் கையை எடுத்துவிட்டார். எப்படியும் நாளைக்கு இது தன்னுடைய வண்டி இல்லை என்ற அலுப்புதான் அது. ஸ்பானரைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஏற ஆரம்பித்து முதல் சில வளைவுகளுக்கு மங்கம்மாளின் சத்தம்தான். முறத்தின் வாயிலிருந்து அனல் கிளம்பிக் கண்ணாடி இடுக்கு வழியாக நேராக முகத்தில் அடிக்கிறதாம். "அடுப்பாண்ட குந்தினாப்புல கீது. இன்னாடா எழவு இது" என்றாள். போன தடவை கொதித்த வளைவைத் தாண்டினோம். பெண்கள் இருவரும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். பாறை தெரிந்தது. அங்கே வழக்கமாக வண்டியை ஓரங்கட்டும் இடத்துக்கு வந்ததும் அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று, உடம்பும் பின்னால் சாய்ந்தது.

"ஏன் நிக்கிற?" என்றாள் வெள்ளையம்மாள்.

"கொதிக்கும்..."

"ஆவி வருதா?"

வரவில்லை. அவர் காலை எடுத்தார். பாறை பின்னால் போயிற்று. காவலூர் வரும்வரை வண்டியில் இன்ஜின் சத்தம் ஒன்றுதான். ஊரில் வந்து நின்றதும் தீர்த்தகிரி குதித்து இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்தார். தண்ணீர் ஊற்றிய அளவு குறையாமல் நின்றது. கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெள்ளையம்மாள்தான் சொன்னாள்: "அடுப்பு எரியறதுக்கு முன்பக்கம் இருந்து ஊதறோம், சரி. பொக போறதுக்குக் கூரையில வழி வேணாமா? அது ஏற்கெனவே சுட்டுப்போய்க் கெடக்குது, அதும் வாயிலயே நீங்க ரெண்டு பேரும் காத்த அடச்சிக்கினு இருந்தீங்க."

என் இயற்பியல் அத்தோடு முடிந்தது. லோடோடு நடை வேகத்தில் ஏறுகிற வண்டிக்கு எதிர்க்காற்று எவ்வளவு வந்துவிடும்? முன்னாலிருந்து ஃபேன் தள்ளுகிற சூடு வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே கிடந்து வெந்திருக்கிறது. மலையிலிருந்து கீழே வீசும் காற்றை வேறு நாங்கள் அதன்மேல் பிடித்துத் திணித்திருக்கிறோம். நான் தீர்த்தகிரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் முழுச் சிரிப்பு வரவில்லை. வண்டி ஏறிவிட்டது, காளைகளுக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நல்ல கோடை மழை. நான் அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். காலையில் மண் வாசனையோடு ஊரே ஏர் பூட்டிக்கொண்டிருந்தபோது ராஜாக்கண்ணு காளைகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். குறை சொல்ல முடியாத காளைகள். ஒரே உயரம், வெள்ளை, திமில் ஏறி நிமிர்ந்து நின்றன. தீர்த்தகிரி வண்டிச் சாவியை எடுத்து வந்து வெள்ளையம்மாள் கையில் கொடுத்தார்.

"ஏறிடுச்சின்னு நான் பேச மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றார்.

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காளைகளிடம் போனாள். பல்லைப் பார்த்தாள். கழுத்தடியில் தடவினாள். அவை அவள் கையை நக்கின. தொட்டியில் தண்ணீர் இறைத்து ஊற்றி, இரண்டும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். காளை வளர்த்த கை, விடாது, வாங்கித்தான் கட்டுவாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தீர்த்தகிரியும் அப்படித்தான் நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நல்ல காளைங்க. கொறையே இல்ல" என்றாள் ராஜாக்கண்ணுவிடம். "வெயில் ஏறறதுக்குள்ள ஓட்டிக்கினு போய்டுங்க. ஒங்களுக்கு வீண் அலைச்சல், மன்னிச்சிக்குங்க. வண்டி மல ஏறுது. நாங்க குடுக்கல."

ராஜாக்கண்ணு நல்ல மனுஷர், இரண்டு வார்த்தை முனகிவிட்டுத் திரும்பிவிட்டார். மங்கம்மாள் தன் ஏரைக் கொண்டுவந்து இவர்கள் கொல்லை நிலத்தை உழ நிறுத்தினாள். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் இரண்டு ஏர்கள் வந்தன. வெள்ளையம்மாள் அவற்றைப் பார்க்கவில்லை. ரோட்டில் அந்த வெள்ளைக் காளைகள் இறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் அவை மறைந்ததும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தீர்த்தகிரி அருகில் போகவும் தெரியாமல், விலகி நிற்கவும் தெரியாமல் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கு இன்னா லோடு?" என்று கேட்டாள்.